உப்பு கடக்கும் வழி

அபுதாபி, ஷார்ஜா, தோஹா, மஸ்கட் என்று பல ஊர்களிலிருந்து இணைந்திருக்கிறீர்கள். ஊரிலிருந்தும் சிலர் இருக்கிறீர்கள். இலக்கிய உரைகளின் வரிசையில் செல் சவ்வும் அயனியும் எப்படி வந்தன என்று தலைப்பைப் பார்த்ததும் சிலர் யோசித்திருக்கலாம். வளைகுடாவின் வரலாறு என்றால் முத்துக்குளிப்பு, எண்ணெய், கட்டுமானம் என்று பேசி முடித்துவிடுகிறோம். நான் இன்று சொல்லப்போவது அவற்றில் எதிலும் சேராத ஒரு சிறிய வரலாறு. ஒரு நோய், அது இந்த மண்ணில் அடையாளம் காணப்பட்ட விதம், அதை எதிர்கொள்ள வேதியியலாளர்கள் செய்துபார்த்த சில மூலக்கூறுகள், அவ்வளவுதான்.

வியர்வையிலிருந்து தொடங்குகிறேன். வெயிலில் வேலை செய்பவர்களின் சட்டை முதுகில் வெள்ளைக் கோடுகளாக உப்பு பூத்திருப்பதை இங்கே பார்க்காதவர் இல்லை. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12:30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை இருக்கிறது. அப்படியும் கோடுகள் விழத்தான் செய்கின்றன. ஆனால் ஊரிலிருந்து புதிதாக வந்தவரின் வியர்வையில் இருக்கும் அளவு உப்பு, ஒன்றிரண்டு வாரம் வெயிலில் பழகிய பிறகு அதே மனிதரின் வியர்வையில் இருக்காது. உடல் உப்பை மிச்சம்பிடிக்கக் கற்றுக்கொண்டுவிடும். வியர்வைச் சுரப்பியின் அடியில் ஊறும் நீர் ஏறக்குறைய ரத்தத்தின் அளவுக்கு உப்பானது. அது தோலுக்கு ஏறிவரும் சிறு குழாயின் சுவர்கள் வழியிலேயே சோடியத்தையும் குளோரைடையும் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சுவரில் குளோரைடுக்கென்று ஒரு கதவு இருக்கிறது. பிறவியிலேயே அந்தக் கதவு திறக்காத குழந்தைகள் உண்டு. அவர்கள் எவ்வளவு வியர்த்தாலும் உப்பை மிச்சம்பிடிக்க முடியாது.

ஏன் கதவு தேவை? செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. தாளிக்கிற எண்ணெயில் உப்பைப் போட்டுப் பாருங்கள், கரையாமல் அடியில் கிடக்கும். மின்னேற்றம் கொண்ட அயனிக்குத் தண்ணீர்தான் வீடு, எண்ணெய் பாலைவனம். சங்கப் பாடல்களில் உமணர்கள் நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு பாலையும் குறிஞ்சியும் கடந்து போகிறார்கள். உப்பு தானாக நடந்து போகாது, யாராவது சுமக்க வேண்டும். உயிரினங்கள் இதற்காகப் பலவகைப் புரதங்களை வைத்திருக்கின்றன. புரதம் இல்லாமல் நாமே ஓர் உமணனைச் செய்ய முடியுமா என்பதுதான் நான் சொல்லவரும் வேதியியலின் கேள்வி.

அந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். 1955இல் ஜெர்மனியில் பிராக்மன் குழுவினர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிரிலிருந்து வாலினோமைசின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் அமைப்பு எட்டு அலகுகள் கொண்ட வளையம் என்று முதலில் கருதப்பட்டது. 1963இல் மாஸ்கோவில் ஷெம்யாகின் குழு அதைச் செயற்கையாகத் தொகுத்துப் பார்த்து, எட்டு இல்லை, பன்னிரண்டு என்று நிறுவியது. ஒரு பொருளை நீங்களே கட்டிப் பார்க்கும்வரை அது என்னவென்று உறுதியாகத் தெரியாது என்பது வேதியியலாளர்களின் பழைய பிடிவாதம். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் மூரும் பிரெஸ்மனும் இந்த வளையம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் பொட்டாசியத்தைக் கொண்டு சேர்ப்பதைக் கண்டார்கள். வளையத்தின் உள்ளே ஆறு ஆக்ஸிஜன்கள் பொட்டாசியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. வெளிப்பக்கம் முழுக்க எண்ணெய்த்தன்மை. சவ்வுக்கு அது இன்னொரு கொழுப்புத் துளியாகத் தெரிகிறது, உள்ளே சரக்கு இருப்பது தெரியாது. சோடியத்தை விடப் பொட்டாசியத்தைப் பல ஆயிரம் மடங்கு விரும்பி ஏற்றிக்கொள்ளும் வண்டி இது. பிரெஸ்மன் இத்தகைய பொருள்களுக்கு ‘அயனோஃபோர்’ என்று பெயர் வைத்தார். அயனி சுமப்பது என்று பொருள்.

மனிதர் செய்த முதல் புகழ்பெற்ற வண்டி தற்செயலாகக் கிடைத்தது. சார்லஸ் பெடர்சன் 1904இல் கொரியாவின் பூசானில் பிறந்தவர். அப்பா நார்வேக்காரர், அம்மா ஜப்பானியர். முனைவர் பட்டம் வாங்காமல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். வேறொன்றைச் செய்யப்போய் அவர் குடுவையில் 0.4 சதவீதம் மட்டும் வெள்ளைப் படிகங்களாக ஒரு பொருள் மிஞ்சியது. கழிவென்று கொட்டியிருக்கலாம். அவர் கொட்டவில்லை. அது பதினெட்டு அணுக்கள் கொண்ட ஒரு வளையம் என்றும், நடுவில் பொட்டாசியம் சரியாகப் பொருந்துகிறது என்றும் கண்டுபிடித்தார். தலையில் வைத்த கிரீடம்போல அயனியின் மேல் அமர்வதால் ‘கிரீட ஈதர்’ என்று பெயரிட்டார். 1967இல் கட்டுரை வெளிவந்தபோது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. 1987இல் டொனால்ட் கிராம், ழான் மரி லென் ஆகியோருடன் நோபல் பரிசு. எனக்கு இந்த மூவரில் பெடர்சன்தான் நெருக்கமானவர். ஓய்வுபெறும் வயதில் குடுவையின் அடியைச் சுரண்டிப் பார்த்த மனிதர்.

நம் பக்கத்தில் இந்த வரலாறு பெங்களூரில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் முச்சுருள் அமைப்பைக் கண்ட ஜி.என். ராமச்சந்திரன் 1970களின் தொடக்கத்தில் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை உருவாக்கினார். அங்கே கே.ஆர்.கே. ஈஸ்வரன் வாலினோமைசினும் அதன் உறவினர்களும் அயனியைப் பிடிக்கும்போது எப்படி வளைந்து மடங்குகின்றன என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இன்று புனேயில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பினாகி தாலுக்தார் குழு குளோரைடைச் சுமக்கும் சிறு மூலக்கூறுகளைச் செய்கிறது.

இதெல்லாம் ஆய்வகத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இங்கே நாம் சாப்பிடும் கோழிக்கும் இதில் பங்குண்டு. கோழிக்குக் குடலில் வரும் ஒட்டுண்ணி நோயைத் தடுக்க மொனென்சின், சாலினோமைசின் போன்ற அயனோஃபோர்களை உலகெங்கும் தீவனத்தில் கலக்கிறார்கள். அவை ஒட்டுண்ணியின் செல்லுக்குள் கட்டுப்பாடில்லாமல் அயனிகளை ஏற்றி அதைக் கொல்கின்றன. கோழிக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது. குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் அது நஞ்சு, இதயத் தசையையே அழித்துவிடும். 2007 ஆகஸ்டில் சவூதி அரேபியாவின் வாதி அத்-தவாசிர் பகுதியில் ஒட்டகங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தீவனம்தான் காரணம் என்றது வேளாண் அமைச்சகம். அப்போது அடிபட்ட பெயர்களில் ஒன்று சாலினோமைசின். சவ்வில் கண்டபடி ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டியதில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதே வகைப் பொருளைக் குழந்தையின் நுரையீரலுக்குள் அனுப்பலாமா என்ற கேள்விக்கு நாம் வரப்போகிறோம்.

இப்போது நோய். நெற்றியில் முத்தமிடும்போது உப்புக்கரித்தால் அந்தக் குழந்தை நீண்ட நாள் தங்காது என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை உண்டு. அதை மாந்திரீகம் என்று நினைத்தார்கள். நம் தாய்மார்கள் உச்சி முகர்கிறவர்கள். முகர்ந்தால் உப்பு தெரியாது. இதை ஒரு வாதமாகச் சொல்லவில்லை, ஆனால் நம் ஊரில் இப்படியொரு நம்பிக்கையை நான் கேள்விப்பட்டதில்லை.

1938இல் நியூயார்க்கில் டோரதி ஆண்டர்சன் என்ற நோய்க்கூறியல் மருத்துவர், இறந்த குழந்தைகளின் கணையம் நார்ப்பிடித்துக் கிடப்பதைக் கண்டு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயை வரையறுத்தார். நுரையீரலில் சளி பசைபோல இறுகும். கிருமி குடியேறும். பெரும்பாலான குழந்தைகள் பள்ளி வயதைப் பார்க்கவில்லை. 1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை. வெயில் தாங்காமல் மயங்கி மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு இந்த நோய் இருந்தது. நுரையீரல் நோய்க்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்? அதே மருத்துவமனையில் இருந்த பால் டி சான்ட் ஆக்னீஸ் அந்தக் கேள்வியை விடவில்லை. 1953இல் இந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று காட்டினார். 1959இல் கிப்சன், குக் இருவரும் இதை எளிய சோதனையாக்கினார்கள். பைலோகார்ப்பின் என்ற மருந்தை மெல்லிய மின்சாரத்தால் கைத்தோலுக்குள் செலுத்தி, வியர்க்க வைத்து, குளோரைடை அளப்பது. லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்று கொள்ளலாம். இன்றைக்கும் அதே சோதனைதான்.

கதவு எது என்பது 1983இல் தெரிந்தது. பால் குவின்டன் என்ற கலிஃபோர்னிய ஆய்வாளர் வியர்வைக் குழாய்களைத் தனியே எடுத்துச் சோதித்து, குளோரைடு அந்தச் சுவரைக் கடப்பதில்லை என்று நிறுவினார். அவருக்கே இந்த நோய் உண்டு. 1989இல் டொராண்டோவில் லாப்-சீ சுய், ஜாக் ரியோர்டன், மிச்சிகனில் ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோர் கதவின் மரபணுவைப் பிடித்தார்கள். 1480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம், பெயர் சிஎஃப்டிஆர். ஐரோப்பிய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு 508ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் விடுபட்டிருந்தது. ஒரே பிழை, ஒரே சோதனை, சீக்கிரம் ஒரே மருந்து என்று அப்போது எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இன்று தெரிந்த பிறழ்வுகள் ஆயிரத்துக்கும் மேல்.

அந்தக் காலத்தில் அரபு நாடுகளில் இந்த நோய் அபூர்வம், அது வெள்ளைக்காரர்களின் நோய் என்பது பாடநூல் கருத்து. வளைகுடாவில் அது கண்ணில் படாததற்குக் காரணம் வேறு. 1960இல் அமெரிக்க மருத்துவத் தம்பதியான பாட் கென்னடியும் மரியன் கென்னடியும் ஷேக் ஸாயிதின் அழைப்பில் அல் ஐன் வந்து, அவர் கொடுத்த மண்வீட்டில் மருத்துவமனை தொடங்கியபோது, அந்தப் பகுதியில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதி இறந்துகொண்டிருந்தன என்று சொல்வார்கள். வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் நீர் வற்றியும் பாதிக் குழந்தைகள் சாகும் இடத்தில், ஒரு குழந்தை உப்பு வற்றிச் செத்தால் யார் தனியாகக் கவனிப்பார்கள்? சாதாரணச் சாவுகள் குறைந்தால்தான் அபூர்வமான நோய் வெளியே தெரியும். எண்ணெய்ப் பணமும் தடுப்பூசியும் குளிர்சாதனமும் வந்த ஒரு தலைமுறைக்குள் இங்கே சிசு மரணம் சரிந்தது. அதன் பிறகு குழந்தை மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். கோடையில் சோர்ந்து விழுந்து வரும் கைக்குழந்தைகள், ரத்தத்தில் சோடியமும் குளோரைடும் குறைந்து கிடப்பவர்கள், சிலருக்கு நுரையீரல் இன்னும் கெடவே இல்லை. 1948 நியூயார்க்கில் ஒரு வெப்ப அலை காட்டிக்கொடுத்ததை, பாலைவனம் ஒவ்வோர் ஆண்டும் காட்டிக்கொண்டிருந்தது.

1990களில் அல் ஐனில் அமீரகப் பல்கலைக்கழகத்தின் ஃபிலிப் ஃப்ரோசார் குழுவினர் பிரெஞ்சு மரபியலாளர்களோடு சேர்ந்து இந்தக் குழந்தைகளின் மரபணுவைப் படித்தார்கள். முக்கியமாக இரண்டு பிறழ்வுகள் கிடைத்தன. பலூச் வழிவந்த குடும்பங்களில் ஐரோப்பியர்களுக்குள்ள அதே 508. பதூவின் குடும்பங்களில் வேறொன்று: 549ஆவது இடத்தில் செரின் இருக்க வேண்டிய இடத்தில் அர்ஜினின். மருத்துவர்கள் எஸ்549ஆர் என்பார்கள். ஓமானிலும் இதுவே முதன்மை. 1999இல் அவர்கள் கணித்தபடி அமீரகத்தில் ஏறக்குறைய 16 ஆயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு இந்த நோய். கத்தாரில் அப்துல் வஹாப் என்ற மருத்துவர் ஒரே பெரிய பதூவின் குலத்தில் 1234ஆவது இடத்துப் பிறழ்வு திரும்பத்திரும்ப வருவதைப் பதிவுசெய்தார். சிற்றப்பா மகளைக் கட்டும் வழக்கமுள்ள சமூகங்களில் இத்தகைய பிறழ்வு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்வது எளிது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற நாம் இதைக் கேட்டு அவர்களைப் பார்த்துத் தலையசைக்க ஒன்றுமில்லை.

இங்கே ஒரு தற்செயல் இருக்கிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒரு பிறழ்வு உண்டு, 551ஆவது இடம். அந்தப் பிழை உள்ள புரதம் செல்லின் மேற்பரப்புக்குச் சரியாக வந்து சேரும், ஆனால் திறக்காது. அதைத் திறக்க வைக்கும் இவாகாஃப்டர் என்ற மாத்திரை 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளிகளின் பெற்றோர் பல ஆண்டுகள் சேர்த்த நன்கொடையைக் கொண்டு ஓர் அறக்கட்டளை அந்த ஆய்வுக்குப் பணம் போட்டிருந்தது. 2014இல் தன் ராயல்டி உரிமையை அது 330 கோடி டாலருக்கு விற்றது. மாத்திரையின் தொடக்க விலை ஆண்டுக்கு 2,94,000 டாலர். தர்மம் இவ்வளவு லாபகரமாக முடிந்த கதை வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. நமக்கு முக்கியமானது, அதே 2014 பிப்ரவரியில் வேறு எட்டு பிறழ்வுகளுக்கும் அந்த மருந்து அனுமதிக்கப்பட்டது. அதில் ஒன்று எஸ்549ஆர். அல் ஐனின் பிழை, அயர்லாந்தின் பிழைக்கு இரண்டே இடம் தள்ளி, கதவின் அதே கீலில் இருந்தது. ஐரிஷ் குழந்தைகளுக்காகச் செய்த மருந்து பதூவின் குழந்தைகளுக்கும் பொருந்தியது. 549க்குப் பதிலாக வேறெங்காவது அந்தப் பிழை விழுந்திருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

வேறெங்கோ விழுந்தவர்களும் இருக்கிறார்கள். சிலருக்குக் கதவு அரைகுறையாகக்கூட உருவாவதில்லை. இல்லாத கதவைத் திறக்க மாத்திரை எதுவும் இல்லை. 2019இல் வந்த மூன்று மருந்துக் கூட்டுக்குப் பிறகும் உலகில் சுமார் பத்தில் ஒரு நோயாளிக்கு இந்த வகை மருந்துகளால் பயனில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே அந்தப் பங்கு இன்னும் அதிகம். பழைய கேள்வி இங்கேதான் திரும்ப வருகிறது. கதவே வேண்டாம், எந்தப் பிழையானாலும் சரி, ஓர் உமணனை அனுப்பினால் என்ன?

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வேதியியலாளர் ஆண்டனி டேவிஸும் சிஎஃப்டிஆர் நிபுணர் டேவிட் ஷெப்பர்டும் சேர்ந்து, குளோரைடைச் சுமக்கும் செயற்கை மூலக்கூறுகள் செல்லைக் கொல்லாமல் வேலை செய்வதை 2016இல் காட்டினார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பர்க் எடுத்த வழி. ஆம்ஃபோடெரிசின் பி என்ற பெயரை நம்மில் பலர் 2021 மே மாதம் கேட்டோம். கொரோனாவுக்குப் பின் கருப்புப் பூஞ்சை பரவியபோது, ஊரில் உறவினர்களுக்காக இந்த ஊசி எங்கே கிடைக்கும் என்று இங்கிருந்தே வாட்ஸ்அப்பில் அலைந்தவர்கள் உண்டு. வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றோர மண்ணிலிருந்து 1950களில் கிடைத்த மருந்து அது. 1987இல் நிக்கோலாவ் குழு அதை முழுதாகச் செயற்கையாகத் தொகுத்தது. பூஞ்சையைக் கொல்லும், சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும். சவ்வில் அது அயனிகள் போகும் துளையை உண்டாக்குகிறது, ஆகவே பூஞ்சை சாகிறது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். பர்க் அதை மாற்றினார். பூஞ்சையைக் கொல்வது துளை அல்ல, சவ்வின் ஸ்டெராலை அது பஞ்சுபோல உறிஞ்சிவிடுவதுதான் என்று காட்டினார். அப்படியானால் கொல்லாமல் துளையை மட்டும் வைத்துக்கொள்ளலாமே?

2019 மார்ச்சில் நேச்சர் இதழில் அவர் குழுவின் கட்டுரை வந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சுவாசக்குழாய் செல்களில் சிறிதளவு ஆம்ஃபோடெரிசின் இட்டால் பைகார்பனேட் வெளியே வரத் தொடங்குகிறது, மேற்பரப்பு நீர்மத்தின் அமிலத்தன்மை குறைகிறது, கிருமியைக் கொல்லும் திறன் திரும்புகிறது. நோயுள்ள பன்றிகளிடமும் ஓரளவு பலன் கிடைத்தது. அந்தத் துளை சிஎஃப்டிஆர் அளவுக்கு நேர்த்தியானது இல்லை. ஆனால் அந்த செல்களில் பம்புகள் எல்லாம் கெடாமல் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஏரியில் தண்ணீர் தேங்கி நிற்க, மதகு மட்டும் இறுகிக்கிடக்கும் நிலை அது. நல்ல மதகு இல்லாவிட்டாலும் கரையில் ஒரு சிறு மடை போதும். எந்தப் பிறழ்வு என்று கேட்க வேண்டியதில்லை. மூச்சில் இழுக்கும் தூளாக அது மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனைக்கு வந்திருக்கிறது. மருந்தாகும் என்று நான் சொல்ல மாட்டேன். செத்த ஒட்டகங்களை நினைத்துக்கொண்டே இந்தச் செய்திகளைப் படிப்பது நல்லது. அளவு ஒன்றுதான் மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது.

நமக்கு இதில் என்ன என்றால், இந்தியர்களுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கை மருத்துவர்களிடமே நீண்ட காலம் இருந்தது. வேலூர் சிஎம்சியிலும் டெல்லி எய்ம்ஸிலும் இந்தக் குழந்தைகளைப் பார்த்துப் பதிவுசெய்து வருகிறார்கள். 508 பிறழ்வு இந்தியர்களிடம் ஐரோப்பாவைவிடக் குறைவு. அதனால் அங்கே செய்த மரபணுச் சோதனைப் பட்டியலில் நம் குழந்தையின் பிழை இல்லாமல் போகலாம். திரும்பத்திரும்ப நிமோனியா, எடை ஏறாத குழந்தை, காசநோய் என்று மாதக்கணக்கில் மருந்து என்று பல குடும்பங்கள் அலைந்திருக்கின்றன. வியர்வைச் சோதனைக்குப் பிழையின் பெயர் தேவையில்லை, உப்பை மட்டும் அளக்கும். மருத்துவரிடம் அந்தச் சோதனையைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பர்க்கின் துளை நுரையீரலுக்கானது. மூச்சில் இழுக்கும் தூள் வியர்வைக் குழாய்க்குப் போய்ச் சேராது. இவாகாஃப்டர் பொருந்தாத ஒரு குழந்தை ஜூலையில் அல் ஐனிலோ தோஹாவிலோ வியர்த்தால், அந்த உப்பு போனது போனதுதான். அதற்கு இங்குள்ள மருத்துவர்கள் செய்வது, கோடை தொடங்கும்போது பாலிலும் உணவிலும் கூடுதல் உப்பு சேர்க்கச் சொல்லி, எவ்வளவு என்று எடைக்கேற்பத் தாயிடம் எழுதிக் கொடுப்பது.